புனேகர் என்பவர் யார்?

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் கோட்டையையும் கோயிலையும் கல்வெட்டையும் தேடிச் செல்வது வழக்கம். இவற்றோடு ஆராயத்தக்க மற்றொரு சான்றும் உண்டு. அவ்வூர் மக்களை அவர்களும் பிறரும் எந்தச் சொல்லால் அழைக்கின்றனர் என்பதே அது. கோட்டை இடிந்து போகலாம், அரசு மாறலாம், மக்களைக் குறிக்கும் சொல் நாவிலிருந்து நாவுக்கு மாறி வாழ்ந்துகொண்டே இருக்கும். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கு இந்த ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. நம்மை நாமே எப்பெயரால் குறிக்கிறோம், நாம் வாழும் ஊரார் நம்மை எப்பெயரால் குறிக்கின்றனர் என்னும் வினா நாள்தோறும் நம்மை எதிர்ப்படுவதன்றோ?

நிலத்தால் மக்களுக்குப் பெயர் அமையும் என்பதைத் தொல்காப்பியம் பன்னெடுங்காலத்துக்கு முன்பே உணர்த்தியிருக்கிறது. உயர்திணைப் பெயர்களை வகைப்படுத்தும்போது ‘நிலப்பெயர்’ என ஒரு வகையை அந்நூல் கூறுகிறது. அருவாளன், சோழியன் என உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுத் தந்தனர். சங்கப் புலவர்களைப் பாருங்கள்: உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், கோவூர் கிழார். ஊர் முன்னே நிற்கும். ஆள் பின்னே வருவார். இந்த மரபு இருபதாம் நூற்றாண்டு வரையிலும் வந்தது. ‘செம்மங்குடி பாடினார்’, ‘அரியக்குடி பாடினார்’ என்று நாம் சொல்லும்போது ஊரே மேடை ஏறிப் பாடியதுபோல் ஆகிவிடுகிறது. இசைவாணரின் இயற்பெயர் நாவில் வரவும் வேண்டுவதில்லை.

இவ்வகைச் சொற்களின் இயல்பைத் தெளிவாகக் காட்டும் அயல்நாட்டு ஊர் ஒன்று உண்டு. இத்தாலி நாட்டின் தென்பகுதியில், வெசூவியஸ் எரிமலையின் அருகே கடலோரத்தில் அமைந்த நேப்பிள்ஸ் நகரமே அது. கிரேக்கர் குடியேறி அமைத்த இவ்வூரின் பழம்பெயர் நேயாப்போலிஸ். ‘புதிய நகரம்’ என்பது அதன் பொருள். நம் நாட்டில் எத்தனையோ புதூர்கள் இருக்கின்றன; அவற்றுள் பல இன்று மிகப் பழைய ஊர்கள். நேப்பிள்ஸும் அப்படி ஒரு புதூர்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் புதூர் என்றே பெயர் சுமந்து நிற்கிறது.

அவ்வூராரைக் குறிக்கச் சொற்கள் இரண்டு உள்ளன. ‘நாப்பொலெத்தானோ’ என்பது ஒன்று. ஊர்ப்பெயரிலிருந்து நேராகப் பிறந்த இச்சொல் அவ்வூர் மக்களையும், அவர்களுடைய தனிப் பேச்சுமொழியையும், பாட்டையும், உணவையும் ஒருங்கே குறிக்கும். ‘பார்த்தெனோப்பேயோ’ என்பது மற்றொன்று. நேயாப்போலிஸ் தோன்றுமுன்னரே அங்கிருந்த கிரேக்கக் குடியிருப்புக்குப் பார்த்தெனோப்பே என்று பெயர். கடலில் மாண்டு அக்கரையில் ஒதுங்கியதாகக் கதையில் சொல்லப்படும் பாடும் கடற்கன்னி ஒருத்தியின் பெயர் அது. அப்பழம்பெயரிலிருந்து வந்த சொல் ஏட்டிலும் மேடையிலும் பெருமைச் சொல்லாக வழங்குகிறது. 1799-இல் அவ்வூரில் சிலகாலமே வாழ்ந்த குடியரசு அப்பெயரையே பூண்டது. இக்காலத்தில் அந்நகரின் கால்பந்துக் குழுவினரையும் செய்தித்தாள்கள் அப்பெயராலேயே எழுதுகின்றன. மதுரையை நாம் கூடல் என்றும் ஆலவாய் என்றும் சொல்லி மகிழ்வதை இதற்கு ஒப்பிடலாம்.

நேப்பிள்ஸ் ஒருகாலத்தில் ஓர் அரசின் தலைநகர். இத்தாலி 1861-இல் ஒரே அரசாக இணைந்தபோது அந்நிலையை இழந்தது. அரசு போயிற்று, சொல் போகவில்லை. தலைநகர் என்ற நிலையை இழந்த ஊர் தன் பேச்சையும் பழக்கத்தையும் சமையலையும் முன்னிலும் இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு நேப்பிள்ஸ் ஒரு சான்று. அத்தகைய சான்று நம் நாட்டிலேயே மற்றொன்று உண்டு. அதுதான் புனே.

புனேயின் பெயர் வரலாறு நீண்டது. ராஷ்டிரகூடர் காலத்துச் செப்பேடுகளில் ‘புனக விஷயம்’ என ஒரு நாட்டுப் பிரிவு குறிக்கப்படுகிறது. விஷயம் என்பது அக்காலத்தில் ஒரு நிலப்பகுதியின் பெயர். அதே காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பாதாளேசுவரர் குடைவரைக் கோயில் இன்றும் நகரின் நடுவே இருக்கிறது. பிற்காலத்தார் ஊர்ப்பெயரைப் ‘புண்ணியம்’ என்ற சொல்லோடு பொருத்திக் கண்டனர். முளா, முட்டா என்னும் ஈராறுகள் கூடும் இடத்தில் ஊர் அமைந்திருப்பது அதற்குத் துணையாயிற்று. அக்கூடுதுறையைப் புனே மக்கள் ‘சங்கம்’ என்பர். ஆறு கூடுமிடம் அவர்களுக்குச் சங்கம். புலவர் கூடுமிடம் நமக்குச் சங்கம். சொல் ஒன்றே.

பதினேழாம் நூற்றாண்டில் இவ்வூர் ஷாஹாஜி போன்ஸ்லேயின் ஜாகீராக இருந்தது. 1630-ஐ ஒட்டி பீஜப்பூர்ப் படை ஊரை அழித்துக் கழுதை பூட்டி உழுதது என்பது மராட்டியர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பாழான ஊரை ஷாஹாஜியின் மனைவி ஜீஜாபாயும் தாதோஜி கொண்டதேவும் மீண்டும் குடியேற்றினர். சிறுவர் சிவாஜி வளர்ந்தது இங்கேதான். பின்னர் 1703-க்கும் 1705-க்கும் இடையே ஊரைக் கைப்பற்றிய அவுரங்கசீப் அதற்கு ‘முஹியாபாத்’ எனப் புதுப்பெயர் சூட்டினார். பேரரசரின் ஆணையால் வந்த அப்பெயர் ஏட்டளவில் நின்றது. மக்கள் நாவில் ஏறவில்லை. ஆணையிட்டு ஊருக்குப் பெயர் வைத்துவிடலாம். மக்கள் தம்மை அப்பெயரால் அழைத்துக்கொள்ளுமாறு ஆணையிட இயலுமோ?

பேஷ்வா முதலாம் பாஜிராவ் சனிவார் வாடா என்னும் மாளிகையை 1730-இல் தொடங்கி 1732-இல் குடிபுகுந்தார். அதன்பின் மராட்டியப் பேரரசின் அச்சாணி புனேயாயிற்று. பேட்டைகள் பெருகின. நம் சைதாப்பேட்டையும் ராணிப்பேட்டையும் எப்பொருளில் பேட்டையோ அப்பொருளிலேயே அவை ‘பேட்’ எனப்படும். புதவார், சுக்கிரவார், சனிவார் எனக் கிழமைகளின் பெயரால் சில. ஆட்களின் பெயரால் சில. 1761-இல் பானிபட்டுப் போரில் உயிர்நீத்த சதாசிவராவ் பாவுவின் பெயரைத் தாங்கியது சதாசிவ பேட். பேஷ்வா நாராயணராவின் பெயரைத் தாங்கியது நாராயண பேட். ராஸ்தே என்ற சர்தாரின் பெயரைத் தாங்கியது ராஸ்தா பேட். தென்னாட்டார் பலர் இப்பேட்டையில் குடியேறினர் என்பது புனேத் தமிழர் அறிந்ததே.

1817 நவம்பர் 5-ஆம் நாள் கட்கியில் நடந்த போரில் பேஷ்வாவின் படை தோற்றது. அடுத்த ஆண்டில் பேஷ்வாக்களின் ஆட்சி முடிவுற்றது. தலைநகர் என்ற நிலை போயிற்று. ஆயினும் புனே தளர்ந்து கிடக்கவில்லை. பள்ளி, கல்லூரி, செய்தித்தாள், ஆராய்ச்சி மன்றம் ஆகியவற்றால் தன் பெயரை நிலைநாட்டிக்கொண்டது. 1870-இல் சார்வஜனிக சபை, 1881-இல் ‘கேசரி’, ‘மராட்டா’ என்னும் ஏடுகள், 1885-இல் ஃபெர்குசன் கல்லூரி, 1905-இல் இந்திய ஊழியர் சங்கம், 1917-இல் பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் என அடுத்தடுத்து அமைந்தன. புனேயின் கற்றோர் வழக்கே மராத்தி உரைநடைக்கு அளவுகோலாக ஏற்கப்பட்டது. அரசை இழந்த ஊர் சொல்லின்மேல் ஆட்சி செலுத்தத் தொடங்கிற்று எனலாம்.

இப்பின்னணியில் அவ்வூர் மக்களைக் குறிக்கும் சொற்களைப் பார்ப்போம். அவை முதன்மையாக இரண்டு: புனேகர், புனேரி.

‘புனேகர்’ என்பது ஆளைக் குறிக்கும். மராத்தியில் ஊர்ப்பெயரோடு ‘கர்’ சேர்த்தால் அவ்வூரார் என்று பொருள்படும். மும்பைகர், நாக்பூர்கர், கோலாப்பூர்கர் எல்லாம் இவ்வாறு அமைந்தவை. மதுரைக்காரர், நெல்லைக்காரர் என்று நாம் கூறுவதோடு ஒலியிலும் பொருளிலும் இது நெருங்கியிருப்பதால் தமிழர் இதனை எளிதில் பிடித்துக்கொள்கின்றனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் இவ்வகைச் சொல் பேச்சளவில் நின்றுவிடும். மராத்தியிலோ அது குடும்பப் பெயராகவே உறைந்துவிட்டது. கோவாவிலுள்ள மங்கேஷி என்ற ஊரின் பெயரால் மங்கேஷ்கர் குடும்பம் விளங்கிற்று. இசைப்பேரறிஞர் விஷ்ணு திகம்பரின் குடும்பப் பெயர் உண்மையில் காட்கில். பலூஸ் என்ற ஊரினராதலின் பலூஸ்கர் என அறியப்பட்டார். அண்ணல் அம்பேத்கரின் பெயரிலும் அவருடைய முன்னோரின் ஊர்ப்பெயரே அடங்கியிருக்கிறது. நமக்கு ஊர் முதலெழுத்தாகி முன்னே நிற்கும்; மராட்டியருக்கு ஊர் குடும்பப் பெயராகிப் பின்னே வரும்.

‘புனேரி’ என்பது பண்பையும் பொருளையும் குறிக்கும் சொல். கோலாப்பூரிச் செருப்பு, பைட்டணிச் சேலை என்பனபோலப் புனேரித் தலைப்பாகை, புனேரிப் பேச்சு, புனேரிப் பலகை எனப் பலவற்றோடும் இது சேரும். ராணடே, திலகர், கோகலே ஆகியோரின் படங்களில் நாம் காணும் ‘பகடி’ என்னும் மடிப்புத் தலைப்பாகைக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் கிடைத்த சிறப்பே அது.

புனேரிப் பலகை என்பது தனிச்சுவை உடையது. வீட்டு வாயில்களிலும் கடைகளிலும் தொங்கவிடப்படும் அறிவிப்பு அது. அழைப்புமணியை ஒருமுறைக்கு மேல் அடிக்காதீர் என்றோ, பிற்பகலில் உறக்கத்தைக் கெடுக்காதீர் என்றோ, முகவரி கேட்க இது அஞ்சலகம் அன்று என்றோ அது சொல்லும். சொற்கள் குறைவு, இலக்கணம் பிழையற்றது, கூர்மை மிகுதி. முதன்முதலாகப் படிக்கும் வெளியூரார் சினம் கொள்வர், பழகியவர் சிரிப்பர். கோயம்புத்தூரின் குசும்பை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இரண்டிலும் வெடுக்கென்ற சொல்லின் பின்னே பகை இராது.

‘புனேரி’ என்ற சொல்லை இவ்வளவில் புகழ்ந்துவிட்டு மேலே செல்வது வரலாற்றுக்கு நீதியாகாது. இச்சொல்லுக்குள் யார் இருந்தனர், யார் இல்லை என்றும் கேட்கவேண்டும். பேஷ்வாக் காலத்து அந்தணர் வாழ்ந்த மேற்குப் பேட்டைகளின் பழக்கவழக்கங்களே நெடுங்காலம் புனேரி எனப்பட்டன. இதனினும் குறுகிய ‘சதாசிவபேட்டி’ என்ற அடைமொழியும் உண்டு. அந்த ஒரு பேட்டையின் நாவையும் நடையையும் குறிப்பது அது. ஆனால் அதே புனேயில், 1827-இல் பிறந்தவர் ஜோதிராவ் புலே. அவரும் அவருடைய துணைவியார் சாவித்திரிபாயும் 1848-இல் புதவார் பேட்டில் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். பள்ளிக்குச் செல்லும் வழியில் சாவித்திரிபாய்மீது சாணமும் சேறும் எறிந்தவர்களும் புனேகர்களே. அதனைத் துடைத்துவிட்டுப் பாடம் சொல்லச் சென்ற அம்மையாரும் புனேகரே. 1873-இல் சத்தியசோதக சமாஜத்தைப் புலே நிறுவினார். கற்றோர் வழக்கை விட்டு, உழவரும் தொழிலாளரும் பேசிய மராத்தியில் அவர் எழுதினார். புனேரி எனப் புகழப்பட்ட நடைக்கு வெளியே நின்று எழுதப்பட்ட அந்த மராத்தியும் புனேயின் மராத்திதான் அல்லவா?

இக்கேள்வி பழங்கதை அன்று. 2014-இல் புனேப் பல்கலைக்கழகம் சாவித்திரிபாய் புலேயின் பெயரைத் தாங்கிற்று. 2018-இல் மேடையில் விருந்தினர்க்குப் புனேரிப் பகடி அணிவிப்பதா, புலே அணிந்த தலைப்பாகையை அணிவிப்பதா என்பது மகாராஷ்டிர அரசியலில் பெரும் பேச்சாயிற்று. தலைப்பாகையைப் பற்றிய வழக்கு போலத் தோன்றினாலும், உண்மையில் அது ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு: புனே என்று சொன்னால் யாரை நினைப்பது? நேப்பிள்ஸ் முதல் மதுரை வரை எல்லா ஊர்ப்பெயர்க்கும் இந்த வழக்கு உண்டு. ஊர்ப்பெயர் எல்லார்க்கும் பொது. ஆயினும் அதனை முதலில் கைக்கொண்டவர் தமக்கே உரியது என எண்ணிவிடுகின்றனர்.

ஆங்கிலேயர் இவ்வூரைப் ‘பூனா’ என்றனர். அவர்களுக்கு அது படைவீடு. நகருக்குக் கிழக்கே கண்டோன்மென்டும் வடக்கே கட்கியில் துப்பாக்கிக்குண்டுத் தொழிற்சாலையும் அமைந்தன. அவர்கள் வாயில் ஊர்ப்பெயர் வேறு பொருள்களைப் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சீமாட்டிகள் பழகிய ஒருவகை அச்சுவெட்டு ஓவியம் ‘பூனா ஓவியம்’ எனப்பட்டது. படையினர் இறகுப்பந்து கொண்டு ஆடிய ஆட்டத்திற்கும் ‘பூனா’ என்ற பெயர் வழங்கிற்று. அதுவே பின்னர் பேட்மின்டன் என உலகெங்கும் பரவியது. நகரின் பெயர் 1978-இல் முறைப்படி புனே என மாறியது. எனினும் எரவாடாச் சிறையில் 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான உடன்பாட்டை நாம் இன்றும் பூனா ஒப்பந்தம் என்றே எழுதுகிறோம். வரலாற்றில் ஒருமுறை பொறிக்கப்பட்ட பெயரை மாற்றுதல் எளிதன்று.

இங்கே ஒரு சிறு குறிப்பு. மராத்தியர் இப்பெயரை மூன்று சுழி ‘ண’ ஒலியோடு ‘புணே’ என்றே சொல்கின்றனர். ஆங்கில எழுத்துகள் அவ்வொலியைக் காட்ட வல்லன அல்ல. தமிழில் அவ்வொலிக்குத் தனி எழுத்தே இருக்கிறது. ஆங்கிலத்தின் வழியே இப்பெயர் நம்மிடம் வந்ததால் நாம் ‘புனே’ என எழுதிப் பழகிவிட்டோம். அண்டை வீட்டாரின் பெயரை மூன்றாம் ஆளிடம் கேட்டு எழுதிக்கொண்ட கதை இது.

அண்டை வீட்டார் நம் பெயரை எவ்வாறு எழுதிக்கொண்டனர்? ‘மதராசி’ என்ற சொல்லை அறியாத புலம்பெயர் தமிழர் இரார். விந்திய மலைக்குத் தெற்கேயிருந்து வந்தவர் தமிழராயினும் தெலுங்கராயினும் கன்னடராயினும் மலையாளியாயினும் எல்லாரும் மதராசி. மதராஸ் மாகாணம் பல மொழியினரையும் ஒருங்கே ஆண்ட காலத்தில் இச்சொல்லுக்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. 1969 ஜனவரி 14-இல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. 1996-இல் நகரமும் சென்னையாயிற்று. மாகாணம் போயிற்று, மாநிலப் பெயர் போயிற்று, நகரின் பெயரும் போயிற்று. மதராசி மட்டும் வாடகை வீட்டுத் திண்ணையிலும் தொழிற்சாலை வாயிலிலும் இன்னும் உலவுகிறார்.

இதனால் மனம் நோவது இயல்பே. பெயர் சொல்லி அழைக்கப்படாமல் மூட்டையாகக் கட்டப்படுவதில் ஒரு சிறுமை இருக்கிறது. ஆயினும் இது நமக்கு மட்டும் நேர்ந்தது என எண்ண வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியர் இலட்சக்கணக்கில் அமெரிக்கக் கண்டங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அர்ஜென்டினா நாட்டில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘தானோ’. நேப்பிள்ஸ் ஊராரைக் குறிக்கும் நாப்பொலித்தானோ என்ற சொல்லின் வால் அது. ஜெனோவாவிலிருந்து வந்தவரும் தானோ. கலாப்ரியாவிலிருந்து வந்தவரும் தானோ. துறைமுக நகர் ஒன்றின் பெயர் ஒரு நாட்டு மக்கள் அனைவர்மீதும் ஒட்டப்பட்டது. மதராசி என்ற சொல்லுக்கு இதனினும் பொருத்தமான உடன்பிறப்பைக் காண்பது அரிது. ஊரில் இருந்தவரை தத்தம் ஊர்ப்பெயரால் அறியப்பட்டவர்கள் கடல் கடந்தபின்னரே ஒரே பெயருக்குள் வந்தனர். அவர்களுள் பலர் தாம் இத்தாலியர் என்பதை உணர்ந்ததும் அயல்நாட்டிலேதான். நெல்லைக்காரராகவும் சேலத்துக்காரராகவும் ரயிலேறியவர் புனேயில் இறங்கியதும் தமிழர் ஆகிறார் அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

மராத்தியில் நம்மைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் இத்தகையன அல்ல. தென்னிந்திய உணவகத்தாரை அவர்கள் ‘அண்ணா’ என்பர். மராத்தியிலும் அது மதிப்புச் சொல்லே. பெண்கல்விக்கு வாழ்வை ஈந்து, 1958-இல் பாரத ரத்னா பெற்ற புனேப் பெரியார் மகரிஷி கர்வேயை மக்கள் அண்ணா என்றே அழைத்தனர். மேலும் ‘திரவிட்’ என்ற குடும்பப் பெயரும் மராட்டியரிடையே உண்டு. தெற்கேயிருந்து வந்த முன்னோரின் நினைவு அதில் தங்கியிருக்கிறது. வடமொழியாளரின் பழைய வகுப்பு ஒன்று அந்தணரைப் பஞ்ச கௌடர், பஞ்ச திராவிடர் எனப் பிரிக்கும். அதில் தமிழர், தெலுங்கர், கன்னடர், கூர்ஜரரோடு மகாராஷ்டிரரும் திராவிடரே. விந்தியத்துக்கு வடக்கிலிருந்து பார்த்தவர்க்கு நாமும் மராட்டியரும் ஒரே பெயருக்குள் அடங்கினோம்.

பெயர் எவ்வாறு ஊரோடு கலக்கும் என்பதற்கு ஒரு சுவையான சான்று ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் உள்ளது. ‘வைஷாலி’ என்னும் உணவகத்தின் இட்டலியும் தோசையும் இல்லாமல் மாணவப் பருவம் முற்றுப்பெறாது என்று புனேகர் கருதுவர். அதனைப் பேர்பெறச் செய்த ஜகந்நாத் ஷெட்டி கர்நாடகக் கரையோரத்தவர். அவ்வுணவகத்தின் முன்னைப் பெயரோ ‘மெட்ராஸ் ஹெல்த் ஹோம்’. நிறுவியவர் கன்னட நாட்டார், பெயர் மதராஸ், உண்டவர் மராட்டியர். இன்று அதனை எவரும் மதராசி என்பதில்லை. புனேரி என்றே உரிமை கொண்டாடுகின்றனர்.

இனி எதிர்த்திசையில் நோக்குவோம். புனேயை ஜாகீராகப் பெற்றிருந்த அதே ஷாஹாஜியின் மற்றொரு மைந்தர் ஏகோஜி. அவர் 1670-களில் தஞ்சையைக் கைக்கொண்டு மராட்டிய அரசை நிறுவினார். 1855 வரை அவ்வழியினர் அங்கே அரசராக விளங்கினர். இரண்டாம் சரபோஜி 1803-இல் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை மராத்தியில் பெரிய கோயிலின் சுவரில் பொறிக்கச் செய்தார். இராசராசன் எழுப்பிய கோயிலில் சோழர்தம் தமிழ்க் கல்வெட்டுகளோடு மராத்தியும் இடம்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மராட்டிய நாட்டிலிருந்து வந்த ராமச்சந்திர பாவா மோர்காவ்கர் தஞ்சையில் நிகழ்த்திய கீர்த்தனம், தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதரின் வழியே நம் கதாகாலட்சேபத்திற்கு உருக்கொடுத்தது. வந்தவர் பெயரில் ஊர் பின்னே நின்றது. பெற்றுக்கொண்டவர் பெயரில் ஊர் முன்னே நின்றது.

தஞ்சையில் குடியேறிய மராட்டியரைத் தமிழர் ‘ராயர்’ என்றனர். அவர்கள் வீட்டில் தம் பழைய மராத்தியைப் பேசினர். வெளியே தமிழ் பேசினர். அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் கும்பகோணத்தில் 1828-இல் பிறந்து, திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று அரசுகளிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ். அந்த ‘டி’ என்னும் முதலெழுத்து எதனைக் குறிக்கிறது? தஞ்சாவூரை. மராட்டியக் குடியில் பிறந்தவர், மராத்தி முறைப்படி ‘கர்’ சேர்த்துக்கொள்ளாமல், தமிழ் முறைப்படி ஊரை முன்னே நிறுத்தித் தஞ்சாவூர் மாதவராவ் ஆனார். மராட்டிய மன்னர் ஆண்ட பரோடாவுக்குத் திவானாகச் சென்றபோதும் தஞ்சாவூர் அவருடைய பெயரைவிட்டு நீங்கவில்லை. தாய்மொழியையும் அவர் இழந்துவிடவில்லை. வாழ்ந்த ஊரையும் மறுக்கவில்லை. குடிபெயர்ந்தோர் பெயர் சூட்டிக்கொள்வதில் காட்டக்கூடிய நேர்மைக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

தஞ்சை மராட்டியர்க்கு இயன்றது புனேத் தமிழர்க்கு இயலாதா? இயலும் என்பதற்கும் சான்று உண்டு. வலங்கைமானில் 1869-இல் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்தபின் அச்சங்கத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. திலகரும் ராணடேயும் கோகலேயும் வாழ்ந்த புனேயில், அங்கே பிறந்த ஒரு நிறுவனம் தன் தலைவராகக் காவிரிக் கரையிலிருந்து வந்த ஒருவரை ஏற்றது. ‘வி’ என்ற முதலெழுத்து அவர் பெயரில் வலங்கைமானை இறுதிவரை நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

மராத்தியின் நகைச்சுவை மன்னர் பு. ல. தேஷ்பாண்டே எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, மும்பைகர், நாக்பூர்கர், புனேகர் ஆகியோருள் யாராக ஆக விரும்புகிறீர்கள் என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டது. மும்பையில் பிறந்து, புனேயில் வாழ்ந்து, 2000-இல் புனேயிலேயே மறைந்த அவர் கிண்டலாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் அக்கேள்வியின் சொல்லமைப்பில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. புனேகராகப் பிறக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆக விரும்புகிறீர்களா என்று கேட்கிறார். ‘கர்’ என்னும் விகுதி பிறப்பை ஆராய்வதில்லை, இருப்பிடத்தையே கேட்கிறது. சாதியையும் மொழியையும் கேளாத விகுதி அது. அதற்குள் வேலி கட்டியவர் மனிதரே, இலக்கணம் கட்டவில்லை.

நேயர்களே, புனேயில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. அவர்களுடைய பிள்ளைகள் தெருவில் மராத்தி பேசி, கணபதி விழாவில் மேளம் அடித்து, வீட்டில் பாட்டியோடு தமிழ் பேசுகின்றனர். உன் ஊர் எது என்று யாரேனும் வினவினால் அப்பிள்ளை விழிக்கிறது. கும்பகோணம் என்று சொன்னால் அதனை அது கோடை விடுமுறையில் மட்டுமே கண்டிருக்கிறது. புனே என்று சொன்னால், ‘உண்மையான ஊர் எது?’ என்ற மறுவினா வருகிறது. ஒன்றைச் சொன்னால் மற்றொன்றை மறுத்ததாகும் என்ற அச்சம் அப்பிள்ளைக்கு வரலாகாது.

அவ்வச்சத்தை வரலாறு போக்குகிறது. தமிழ் ஊர்ப்பெயர் முன்னே நிற்பது. மராத்தி ஊர்ப்பெயர் பின்னே வருவது. ஒன்றன் இடத்தை மற்றொன்று கேட்பதில்லை. கும்பகோணத்தை முதலெழுத்தாக முன்னே வைத்துக்கொண்டு, புனேகர் என்ற சொல்லைப் பின்னே சேர்த்துக்கொள்ளும் ஒரு பெயருக்குத் தமிழ் இலக்கணமும் தடை சொல்லாது. மராத்தி இலக்கணமும் தடை சொல்லாது. பிறர் நம்மை மதராசி என்று அழைக்கும்போது தமிழர் என்று பொறுமையோடு திருத்துவது நம் கடமை. நாமும் அவர்கள் எல்லாரையும் ஒரே சொல்லுக்குள் அடைக்காமல், புனேகர் யார், கோலாப்பூர்கர் யார், வைதர்பர் யார் என அறிந்து அழைப்பது அதற்கு ஈடான கடமை.

சாணத்தைத் துடைத்துக்கொண்டு பாடம் சொல்லச் சென்ற சாவித்திரிபாயையும், வலங்கைமானிலிருந்து வந்து தலைமை ஏற்ற சாஸ்திரியாரையும், தோசை வார்த்துக் கொடுத்த கரையோரத்தாரையும் ஏற்றுக்கொண்டு அகன்றதே புனேகர் என்ற சொல். பேஷ்வாக்களின் மாளிகை 1828-இல் தீக்கிரையாயிற்று. இன்று அதன் மதில்களே எஞ்சி நிற்கின்றன. சொல்லுக்கு அத்தகைய மதில் இல்லை. அதற்குள் வருவோர்க்கு இடமும் குறைவில்லை.